பின் சீட்டுக்கு ஒரு பிராது

எதிர்வீட்டு வேல்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் தெருப் பள்ளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று யாரோ வந்து தோண்டினார்கள். குழாயும் போட்டார்கள். மூடுவதற்கு மட்டும் ஆள் வரவில்லை. அது சரியாக என் தையல் கடை வாசலில் இருக்கிறது. அதில் வண்டி இறங்கி ஏறுகிற சத்தத்தை வைத்தே, மெஷினில் குனிந்த தலையை நிமிர்த்தாமல், போவது யார் என்று சொல்லிவிடுவேன். பால்காரர் என்றால் கேன் குலுங்கும். வேல்விழியின் வீட்டுக்காரர் ராஜ்மோகன் என்றால் வண்டிக்கு முன்னால் குரல் வரும்: "பள்ளம், புடிச்சிக்க."

அந்த மனிதருக்கு அது ஒரு வியாதி. பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துவிட்டால் பள்ளம், மேடு, வேகத்தடை, குறுக்கே படுத்திருக்கிற நாய் எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே போவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். "ரயில்வே ஜங்ஷன்ல மைக்குல அறிவிப்பு சொல்ற வேலைக்குப் போயிருக்கலாம் தம்பி" என்று நான் கேலி செய்வேன். வேல்விழி சிரித்துக்கொண்டே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள்.

நான் செல்வநாயகி. பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே மாட்டார், அவருக்கும் சேர்த்து நான்தானே பேச வேண்டியிருக்கிறது!

வேல்விழிக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை. இரண்டு பாதி அச்சைச் சேர்த்துக் கட்டி, மண் கூழை ஊற்றி எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையில், சேர்ந்த இடத்தில் ஒரு வரி தெரியும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, வரி இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். ராஜ்மோகன் கடலூர் ரோட்டில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறார். ஒரே மகள் தென்றல் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு தங்காது. மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் மங்கலம்பேட்டை பிரியாணி. ஒரு வாரம் நெய்வேலியில் சும்மா மரத்தடி ரோட்டில் ஒரு சுற்று. எங்கும் போக முடியாவிட்டால் ஊருக்குள்ளேயே பாலக்கரையில் நின்று ஒரு டீயாவது குடித்துவிட்டு வருவார்கள். விடுமுறை சேர்ந்து வந்தால் கடலூர் பீச். பொழுது சாய்ந்தபின் "பள்ளம், புடிச்சிக்க" என்ற குரல் கேட்டால் நான் கடையைச் சாத்துவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. காணும் பொங்கலன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டு அந்த வருஷத்துக்கான திட்டத்தைச் சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று. எதிர் மாடியில் துணி காயப்போடுகிற எனக்கும் கேட்கும். கேட்பதற்காகவே காயப்போடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஒரு வருஷம் ராஜ்மோகன் தொப்பையைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். அவருடைய பேண்டையெல்லாம் இடுப்பில் பிரித்து நான் பெரிதாக்கிக் கொடுத்தது அந்த வருஷம்தான். வேல்விழி அப்படியில்லை. டைப்பிங் கற்றுக்கொள்வேன் என்றால் கற்றுக்கொள்வாள். மகளை நர்சிங் சேர்ப்பேன் என்றாள், சொந்தக்காரர்கள் மூக்கை நுழைத்தும் சேர்த்தாள். சொன்னால் செய்துவிடுவாள், அதுதான் அவளோடு உள்ள தொல்லை.

போன தீபாவளி கழிந்து, எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அது நடந்தது. அந்தப் பக்கம் மக்காச்சோளம் அறுத்திருந்த நேரம். ரோட்டில் பாதியை அடைத்துச் சோளத்தைக் காயவைப்பார்கள். பொழுது சாய்ந்தால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வழியில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ராஜ்மோகன் நேராகக் குவியலின் மேல் ஏற்றினார். அன்றைக்குப் பள்ளம் என்றும் சொல்லவில்லை, மேடு என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தாடையில் தையல், அவளுக்குக் கையில் கட்டு.

பாண்டிச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார்கள். மாலைக்கண் என்று சொன்னார்கள். கண்ணுக்குள்ளே இருக்கிற திரை தேய்ந்துகொண்டு வருகிறது, பகலில் பார்வை இருக்கும், இருட்டினால் ஒன்றும் தெரியாது, மாலையில் இனி வண்டியைத் தொடவே கூடாது. ஒரு வருஷமாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் மூச்சு விடவில்லை. வந்த அன்றே, பகலிலும் வேண்டாம் என்று ஸ்கூட்டிக்கு உறை போட்டு மூடினார். முதலாளியிடம் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே நடந்து வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் டிவி பார்த்தார்கள். எனக்கே அந்தத் தெரு பிடிக்காமல் போயிற்று.

தை பிறந்தது. காணும் பொங்கலன்று நான் துணியோடு மாடிக்குப் போனேன்.

"இந்த வருஷம் நான் வண்டி கத்துக்கப் போறேன்" என்றாள் வேல்விழி. "உங்களப் பின்னாடி ஒக்கார வச்சி கடலூரு பீச்சுக்குப் போவணும். பொழுது சாஞ்சப்பறம் திரும்பி வரணும். அதான் என் திட்டம். உங்களுது என்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு ஒரு திட்டமா?"

"நீ கத்துக்க. வாணாம்னு சொல்லல. நான் பின்னாடி ஒக்கார மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஈரப் பாவாடையை அவர் மேல் வீசியிருப்பேன், நடுவில் தெரு இருந்ததால் பிழைத்தார். ஆம்பளை வீறாப்பு என்றுதான் நினைத்தேன். வேல்விழி கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிக்கொண்டு கீழே போனாள்.

மறுவாரம் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, நீங்க எக்ஸெல் வண்டி ஓட்டறீங்க இல்ல? எனக்குக் கத்துக் குடுங்க." எனக்குப் பொறுமை கிடையாது, திட்டுவேன் என்றேன். "திட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டை ரோடு காலியாகக் கிடக்கும். அங்கேதான் பழகினோம். அவள் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலேட்டரைத் திருகுவாள். நான் பின்னாலிருந்து கத்துவேன். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவள் வேலை செய்கிற கம்பெனி வாசலிலேயே வண்டியைத் திருப்பப் பார்த்து, திறந்திருந்த கேட்டுக்குள் விட்டுவிட்டாள். உள்ளே பலகைகளில் வரிசையாகப் பச்சை யானைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் அவளே துடைத்து வைத்தவை. ஒரு பலகையை முழுசாகச் சாய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றோம். தும்பிக்கையும் காலும் தனித்தனியாகக் கிடந்தன. வாட்ச்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யய்யோ, என்னாம்மா இது! முதலாளிக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

வேல்விழி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். முழங்கையில் ரத்தம். உடைந்ததையெல்லாம் பொறுக்கி ஊறல் தொட்டியில் போட்டாள்.

"பச்சதானே அண்ணே. கரைச்சித் திரும்ப ஊத்திக்கலாம். நாளைக்கி நான் சீக்கிரமா வந்து செஞ்சி வச்சிடறேன். சுட்டப்பறம் ஒடச்சிருந்தாதான் ஒண்ணும் பண்ண முடியாது."

சொல்லிவிட்டு மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "ஏறுங்கக்கா." நான் அன்று ஏறியது எந்த தைரியத்தில் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனி மாதம் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். முதல் தடவை காலை ஊன்றிவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் தடவை தேறிவிட்டாள். தெருவுக்கே லட்டு கொடுத்தாள். ராஜ்மோகனும் ஒன்று எடுத்துத் தின்றார். "நல்லா ஓட்டற" என்றார். பின்னால் உட்கார மட்டும் மாட்டாராம்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மங்கலம்பேட்டைக்குப் பிரியாணி சாப்பிடப் போகலாம் என்று அவள் கூப்பிட்டாள். சரி என்றார். அவள் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினாள். இவர் குடையை எடுத்துக்கொண்டு, "நீ போ, நான் பஸ்ஸுல வரேன்" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். காலியாக இருந்த பின் சீட்டில் நான் ஏறிக்கொண்டேன். பிரியாணியை விட்டுவிட எனக்கென்ன பைத்தியமா? பிரியாணிக் கடையில் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைக்காரப் பாய் அவர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். "என்னம்மா, புதுசா செக்யூரிட்டி எல்லாம் வச்சிருக்கீங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பும்போது அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேல்விழி அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். பஸ் நின்றால் நின்றாள், கிளம்பினால் கிளம்பினாள். புகையைக் குடித்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கி லீவு போடறேன். மணவாளநல்லூரு போவணும். வரீங்களாக்கா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். கோர்ட்டில் வழக்குப் போடுவது மாதிரி, இன்னார் எனக்கு இன்ன குறை வைத்திருக்கிறார் என்று எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும், அது கட்டாயம். களவுபோன நகை, ஏமாற்றி எழுதி வாங்கிய நிலம், ஓடிப்போன மருமகன் என்று பெரிய பெரிய வழக்காக வரும். பிராதில் பேர் ஏறிய ஆளுக்குச் சோறு இறங்காது.

பிராது எழுதித் தருகிறவர் பேனாவைத் திறந்தார். "எதிரி யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரருங்க. பேரு ராஜ்மோகன்."

"குடிக்கிறாரா?"

"இல்லிங்க."

"கை நீட்டறாரா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லிங்க."

"பின்ன என்னாம்மா கொற?"

"வண்டில எனக்குப் பின்னாடி ஒக்கார மாட்டேங்கிறாருங்க."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சாமிக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். "எழுதுங்க ஐயா. கண்ணு தெரியலன்னு அவரு வூட்டுக்குள்ளயே ஒக்காந்துட்டாரு. நான் இருக்கறேன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாரு. அவர நம்ப வைக்கணும்." அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், "அவரு ஒத்துக்கலன்னா என்னாடி பண்ணுவ?" என்றேன்.

"அவரு இன்னும் சூளைக்குப் போவலக்கா. பாத்துக்கலாம்" என்றாள்.

பிராது கட்டியதை அவள் வீட்டில் சொல்லவில்லை. நான் சொன்னேன். எதிரிக்குத் தகவல் போக வேண்டாமா? மறுநாள் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை நிறுத்தி, கடை வாசலிலேயே வைத்துச் சொன்னேன். மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. அந்த வாரம் முழுக்கத் தும்மல் வந்தால்கூட முனியப்பர் சந்நிதிப் பக்கம் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேல்விழி தூங்குகிற நேரம், என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உண்மையிலியே கட்டிட்டாளாக்கா?"

"கட்டிட்டா. பொம்பளைக்குப் பின்னாடி ஒக்காந்தா ஊரு சிரிக்கும்னுதானே தம்பி பாக்கறீங்க?"

"ஊரு கெடக்குதுக்கா." தாடையில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கி விழுந்தோம் இல்ல. அவ கத்துன சத்தம் கேட்டுது. எங்க கெடக்கறான்னு தெரியல. கண்ணத் தெறந்துதான் வச்சிருக்கேன், ஒண்ணும் தெரியல. சோளத்துல கையாலத் துழாவித் துழாவித் தேடுனேன். அடிபட்ட கையோட அவதான் வந்து என்னப் புடிச்சா."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"இத்தினி வருஷமா பள்ளம் வருது புடிச்சிக்கன்னு சொன்னவன். இப்ப பின்னாடி ஒக்காந்தா எனக்கு என்னா தெரியும்? பள்ளமா, மேடா, எதுக்க லாரி வருதான்னு ஒண்ணும் தெரியாம மூட்ட மாதிரி ஒக்காந்திருக்கணும். அவளுக்கு ஒரு வார்த்த சொல்ல முடியாது. பயமா இருக்குதுக்கா."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இவரைப் போய் வீறாப்புக்காரர் என்று வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ் துணியிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, வேறு துணிக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

வேல்விழி எழுந்ததும் போய்ச் சொன்னேன். "இத வாயத் தெறந்து சொல்றதுக்கு அவருக்கு ஒரு முனியப்பன் வேண்டியிருக்குது பாருங்க" என்றாள். பிறகு உள்ளே போனாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம கடலூரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"நீ என்னா சொல்லுவ?"

"பள்ளம் வந்தா பள்ளம்னு. லாரி வந்தா லாரின்னு. நீங்க இத்தினி வருஷம் சொன்னீங்க இல்ல, இனிமே நான் சொல்றேன். கேட்டுகிட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தலையில் ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். பின் சீட்டில் ஏறி, பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பயல்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கத்தரிக்கோலோடு இறங்கியிருப்பேன்.

பீச்சில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவர் எழுந்துவிட்டாராம். "கெளம்பலாம் விழி, பொழுது சாயுது."

"சாயட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி, ஒவ்வொன்றாக ஆறவைத்துத் தின்றிருக்கிறாள். கடலும் வானமும் ஒன்றாகக் கறுத்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாளாம்.

இங்கே எனக்குக் கை ஓடவில்லை. கடையைச் சாத்தவும் மனசில்லை. வடலூர் தாண்டியிருப்பார்களா, நெய்வேலியில் லாரி அதிகமாக இருக்குமே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "வந்துடுவாங்க" என்றார். அவரே வாயைத் திறந்துவிட்டார் என்றால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரு முனை விளக்கு எரியவில்லை. வண்டி கண்ணில் படுவதற்கு முன் குரல்தான் கேட்டது.

"திருப்பறேன், சாஞ்சிக்கங்க... மணலு... லெப்ட்ல நாயி படுத்திருக்குது... ஸ்பீடு பிரேக்கரு, புடிச்சிக்கங்க."

ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம். அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கடலூரிலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். அவர் கைகள் கம்பியில் இல்லை, அவள் தோளில் இருந்தன.

என் கடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவள் அடுத்து வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ராஜ்மோகன் தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார்:

"பள்ளம், புடிச்சிக்க!"

வேல்விழி சடாரென்று பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணு தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. ஸ்பீடு பிரேக்கரு தாண்டுனா அக்கா கட பள்ளந்தானே. அது கூடவா எனக்குத் தெரியாது?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. வண்டி மெதுவாகப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி நின்றார்.

"பிராது தீந்துடுச்சி. நாளைக்கிப் போயி வாபஸ் வாங்கிடுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே? "ஆமா தம்பி, நீங்க எப்பிடிப் போவீங்க? பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்க்கா, எங்களுக்கு வண்டி இல்லியா?"